மூட்டையின் எடையை முடிவு செய்வது யார்?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டில் பீர் காய்ச்சுவது ஒரு பொழுதுபோக்கு. தபால்தலை சேர்ப்பது, மீன் தொட்டி வைப்பது மாதிரி. இங்கிலாந்தில் 1963-ல் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்றார்கள். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வழி திறந்துவிட்டது. இந்தப் பொழுதுபோக்கில் ருசிக்கு அடுத்தபடியாக அடிபடும் விஷயம் என்ன தெரியுமா? முதுகு வலி!

காரணம் எளிது. அங்கே வழக்கமான ஒரு காய்ச்சலின் அளவு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். பாத்திரத்தோடு சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டும். அதை அடுப்பிலிருந்து இறக்கணும், தரையில் வைக்கணும், மறுபடி மேஜைக்கு ஏற்றணும். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்த ஆள், ஞாயிற்றுக்கிழமை திடீரென்று குனிந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கண்ணாடி ஜாடி என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈரக் கையில் வழுக்கி உடைந்தால் கையைக் கிழித்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, வீட்டில் காய்ச்சினால் கைதுதான். அந்த மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்த இடமே சேலம் மாவட்டம்தான் (1937 அக்டோபர் 1, ராஜாஜி ஆட்சி). கல்வராயன் மலையின் ஒரு பக்கம் இன்றைக்கும் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 20 கிலோ நம்ம ஊருக்குப் புதிதா என்ன? வீட்டுக்கு வீடு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். பீர் ஜாடியும் அதுவும் ஏறக்குறைய ஒரே எடை. காஸ் சிலிண்டர் இன்னும் கனம். உள்ளே காஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம். அதைத் தோளில் வைத்து மூணாவது மாடி ஏறுகிற அண்ணனிடம் "ஏன் லேட்டு?" என்று கேட்கத்தான் எல்லாருக்கும் தெரியும்.

இதெல்லாம் சின்னக் கணக்கு. பெரிய கணக்கு கள்ளக்குறிச்சியில் இருக்கிறது.

மூட்டைகளின் ஊர்

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. நெல், மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி என்று எல்லாமே எடைபோட்டு விற்கும் விளைச்சல்தான். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். ஊருக்குள் அரிசி ஆலைகள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது.

இவ்வளவு சரக்கும் காலால் நடந்து போகாது. யாராவது தூக்கணும். நெல்லை மூட்டை பிடிக்கிறவர், லாரியில் ஏற்றுகிறவர், குடோனில் அட்டி போடுகிறவர், கரும்புக் கட்டைத் தலையில் வைத்துப் பலகை மேல் நடந்து டிப்பரில் ஏற்றுகிறவர் என்று ஒரு பெரிய கூட்டம் இதில் பிழைக்கிறது.

அவர்கள் தூக்கும் எடைகளைப் பாருங்கள்:

- அரசு நேரடி நெல் கொள்முதல் நிலைய மூட்டை: 40 கிலோ
- யூரியா மூட்டை: 45 கிலோ
- சிமெண்ட் மூட்டை: 50 கிலோ
- சர்க்கரை மூட்டை: 50 கிலோ (முன்பு 100 கிலோ சாக்கே புழக்கத்தில் இருந்தது)

இதோடு இன்னொரு எடையையும் சேர்த்துப் பார்க்கலாம். விமானத்தில் போகும் பயணியின் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கூடப் பணம் கொடுத்தாலும் பொதுவாக ஏற்றமாட்டார்கள், இரண்டு பெட்டியாகப் பிரிக்கச் சொல்வார்கள். ஏன்? விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் தொழிலாளியின் முதுகு கெட்டுவிடக்கூடாது என்பதற்காக!

ஆக, ஒரு மனிதன் ஒரே தடவையில் எவ்வளவு தூக்கலாம் என்பது உலகத்துக்குத் தெரியாத ரகசியம் இல்லை. பெட்டிக்கு அந்த அறிவு பொருந்துகிறது, மூட்டைக்கு மட்டும் பொருந்தவில்லை.

23 கிலோ கணக்கு

அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் (சுருக்கமாக நியோஷ்) 1981-ல் ஒரு சூத்திரம் கொடுத்தது. 1991-ல் அதைத் திருத்தியது. அதன்படி எல்லாமே கச்சிதமாக அமைந்தால், அதாவது பொருள் இடுப்பு உயரத்தில், உடம்பை ஒட்டி, நல்ல பிடியோடு, திரும்பாமல், எப்போதாவது ஒரு தடவை தூக்குவதாக இருந்தால், 23 கிலோ வரை தூக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நிலைமை மோசமாக மோசமாக 23-லிருந்து கழித்துக்கொண்டே வரணும். ஒரு உதாரணம். பொருள் உடம்பிலிருந்து 40 செ.மீ தள்ளி இருக்கிறது. கை வைக்கும் இடம் தரையிலிருந்து 15 செ.மீ உயரம். அங்கிருந்து 120 செ.மீ மேலே தூக்கணும். சூத்திரத்தில் போட்டால்:

23 × 0.625 × 0.82 × 0.86 = சுமார் 10 கிலோ

தூக்கும்போது இடுப்பை 45 டிகிரி திருப்பினால் இன்னும் குறைந்து 9 கிலோவுக்கும் கீழே போய்விடும். நிமிடத்துக்கு எத்தனை தடவை என்பதையெல்லாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

லாரியில் ஏற்றும்போது இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிவிட, மூன்றாவது ஆள் முதுகில் வாங்குவார். 50 கிலோவை இருவர் பிரித்தாலும் ஆளுக்கு 25 கிலோ. பாதுகாப்பு அளவைப்போல இரண்டரை மடங்கு. அதுவும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை.

முதுகெலும்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கணக்கு புரியும். முதுகுத் தசை, தண்டுவட வட்டுக்குச் சுமார் 5 செ.மீ பின்னால்தான் இழுக்கிறது. கையில் இருக்கும் பொருளோ 50 செ.மீ முன்னால். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் தத்துவம்தான். 20 கிலோ தண்ணீர் கேனைக் கை நீட்டித் தூக்கினால், தசை 200 கிலோ விசை கொடுக்கணும். அந்த அழுத்தம் முழுக்க இடுப்பு வட்டில் இறங்கும். மூட்டையை முதுகில் வாங்கும்போது பாரம் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் இந்த நெம்பு குறைகிறது. லோடுமேன்கள் மூட்டையை முன்பக்கம் அணைத்துத் தூக்காமல் முதுகில் வாங்குவது சும்மா இல்லை. அனுபவம் கற்றுக்கொடுத்த பௌதிகம் அது.

ஆகவே "அவங்களுக்குத் தூக்கத் தெரியல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூக்கும் முறை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். முறை சரியாக இருந்தும் உடம்பு கெடுகிறது என்றால் கோளாறு மூட்டையில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948 ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34 ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்குக் கனமான எதையும் தொழிலாளியைத் தூக்க வைக்கக்கூடாது என்றது. 1967-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 127 ஆம் உடன்படிக்கையில் அதையே சொன்னது. அதோடு வந்த பரிந்துரையில், வளர்ந்த ஆணுக்கு உச்சவரம்பு 55 கிலோ என்று எண்ணும் வந்தது. இந்தியா அந்த உடன்படிக்கையை 2010-ல் ஏற்றுக்கொண்டது.

50 என்பது 55-க்குக் கீழேதானே, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். 55 என்பது உச்சவரம்பு. ரோட்டில் வேக வரம்பு 80 என்று போர்டு வைத்தால், சந்துக்குள்ளும் 80-ல் போகலாம் என்று அர்த்தமில்லை.

தமிழ்நாட்டில் 1982 ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், அதன் கீழ் நலவாரியமும் இருக்கின்றன. பதிவு செய்தால் விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் விபத்துக்கு ஒரு தேதி இருக்கும், சாட்சி இருக்கும். வட்டு தேய்வதற்குத் தேதி ஏது? இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் போகும். அதை எந்த மூட்டை செய்தது என்று எப்படிக் காட்டுவது?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'தேய்மானம்' என்றால் நன்றாகத் தெரியும். லாரி வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுதலாம், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். தராசுக்கும் உண்டு, குடோன் கட்டடத்துக்கும் உண்டு. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு "எலும்பு தேய்மானம்" என்று சொல்வதும் அதே வார்த்தைதான். அந்தத் தேய்மானம் மட்டும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. மூட்டை தூக்கியவர் வீட்டுச் செலவாகவே முடிந்துவிடுகிறது.

வரிக்காக மாறும், முதுகுக்காக மாறாதா?

மூட்டை எடையை மாற்றுவது பெரிய பாடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மெஷின் மாத்தணும், சாக்கு மாத்தணும், கணக்கு மாத்தணும்...

2022 ஜூலை 18-ல் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வந்தது. கொஞ்ச நாளிலேயே கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை வந்துவிட்டது! எந்த மெஷினும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எந்தச் சாக்கும் பத்தாமல் போகவில்லை.

2018 மார்ச்சில் யூரியா மூட்டை 50-லிருந்து 45 கிலோ ஆனது. விவசாயி ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று எண்ணித்தான் போடுகிறார், மூட்டையைச் சின்னதாக்கினால் யூரியா செலவும் குறையும் என்பது அரசின் கணக்கு. அதாவது மண்ணைக் காப்பாற்ற மூட்டை எடை குறைந்தது.

வரிக்காக ஒரு கிலோ ஏறியது. மண்ணுக்காக ஐந்து கிலோ இறங்கியது. முதுகுக்காக மட்டும் ஒரு கிலோகூட இறங்க முடியாது என்றால், முடியாது என்பது உண்மையில்லை, மனசில்லை என்பதுதான் உண்மை. இங்கிலாந்தில் கடையில் விற்கும் சிமெண்ட் மூட்டை 25 கிலோதான். அங்கேயும் வீடு கட்டத்தான் செய்கிறார்கள்.

கூலிக் கணக்கு

இதில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. பல இடங்களில் கூலி மூட்டைக் கணக்கில்தான். எடையைப் பாதியாக்கினால் முதலாளி கூலியையும் பாதியாக்குவார். 10 டன் சரக்குக்கு 50 கிலோ மூட்டை என்றால் 200 தடவை, 25 கிலோ என்றால் 400 தடவை. நடை இரண்டு மடங்கு, காசு மட்டும் அதே அளவு. அப்போது லோடுமேன் என்ன செய்வார்? இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவார். கதை பழையபடி 50-க்கே வந்துவிடும்.

ஆகவே எடையை மட்டும் குறைத்தால் போதாது. கூலியை மூட்டைக்கு என்பதிலிருந்து நேரத்துக்கு என்று மாற்றணும், இல்லை டன்னுக்கு என்று வைத்து அந்த ரேட்டைக் கூடும் நடைக்கு ஏற்ப உயர்த்தணும். லாரித் தளத்தின் உயரத்துக்கு மேடை கட்டணும், நடைக்குத் தள்ளுவண்டி கொடுக்கணும். மேடை இருந்தால் தரையிலிருந்து தோள் வரை தூக்கும் வேலையே இல்லை. மேடைக்கு ஒரு தடவைதான் செலவு. முதுகுக்குத் தினமும் செலவு. சரக்குக்கு யார் காசு வாங்குகிறாரோ அவர்தான் இந்தச் செலவையும் ஏற்கணும். மூட்டைக்குச் சில ரூபாய் கூடும் என்றால் வாங்குகிறவர்கள் கொடுக்கட்டுமே.

மலையும் சாராயமும்

மலைக்குப் போனால் மேடையும் தள்ளுவண்டியும்கூடப் பேச்சுக்கு உதவாது. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த பூமி கல்வராயன் மலை. வண்டி போகும் சாலை எங்கே நிற்கிறதோ, அதற்கு மேல் விளைச்சலும் ரேஷன் அரிசியும் சில நேரம் நோயாளியும் ஆள் தோளில்தான். அங்கே சாலை போடுவதே முதுகுக்குச் செய்யும் முதல் வைத்தியம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது.

எப்போது எடுத்தது? சாவுகளுக்குப் பிறகு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள்.

மலையில் காய்ச்சியது லாரி டியூபில் அடைபட்டு ஆள் தோளில் கீழே இறங்கும் என்பது பேப்பர் படிப்பவர்களுக்குப் பழகிய சேதி. காய்ச்சுகிறவன், விற்கிறவன், மாமூல் வாங்குகிறவன் என்று எல்லாரைப் பற்றியும் பேசியாயிற்று. குடித்தவரைப் பற்றி "குடிகாரன் செத்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

குடிக்கிற கூலித் தொழிலாளியிடம் ஏன் குடிக்கிறாய் என்று கேட்டால், தமிழ்நாட்டில் எந்த மூலையிலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "உடம்பு வலிக்குதுங்க". அதைச் சாக்கு என்று தள்ளுவது சுலபம். எல்லாக் குடிக்கும் உடம்பு வலிதான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் பாதுகாப்பான அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரத்தை நாள் முழுக்கத் தூக்கியவருக்கு ராத்திரி வலிக்கும் என்பது பொய்யில்லையே! தூங்கினால்தான் மறுநாள் கூலி. டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போச்சு, அவர் சொல்லும் ஓய்வுக்கு ஒரு மாசக் கூலி போச்சு. மலிவாகவும் பக்கத்திலேயும் கிடைத்தது பாக்கெட் சாராயம்.

வெளிநாட்டில் பீர் காய்ச்சுகிறவருக்கு அதனால் முதுகு வலி. இங்கே முதுகு வலிக்கிறவர் சாராயத்துக்குப் போகிறார். மதுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூட்டையைப் பற்றியும் கொஞ்சம் பேசினால் என்ன?

தூக்கியே ஆகணும் என்றால்

தண்ணீர் கேனோ, சிலிண்டரோ, புத்தகப் பெட்டியோ, எதுவானாலும் இவை பொருந்தும்:

1. முதலில் ஒரு ஓரத்தை மட்டும் அசைத்து எடை பாருங்கள். போகும் வழியில் செருப்பு, ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
2. பொருளை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். தள்ளிப் பிடிக்கும் ஒவ்வொரு சாணும் எடையைக் கூட்டும்.
3. இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்குங்கள்.
4. தூக்கிய பிறகு இடுப்பைத் திருப்பாதீர்கள். பாதத்தை எடுத்து வைத்து முழு உடம்பும் திரும்பட்டும்.
5. தண்ணீரைத் தூக்குவதைவிட ஓட விடுவது நல்லது. காலிப் பாத்திரத்தை இடத்தில் வைத்துவிட்டுக் குழாய் போட்டு நிரப்புங்கள். பீர் காய்ச்சுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கேனுக்குப் பம்பு மாட்டினால் கேன் தரையிலேயே இருக்கலாம்.
6. கனமானதைத் தரையில் வைக்காதீர்கள். ஸ்டூல் உயரத்தில் வைத்தால் அடுத்த தடவை பாதி வேலை மிச்சம்.
7. பெல்ட்டை நம்பி அதிகம் தூக்காதீர்கள். இடுப்பு பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று போதாது என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது.
8. கால் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது இதில் எது வந்தாலும் நாட்டு வைத்தியம், மசாஜ் என்று அலையாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதையெல்லாம் வீட்டில் கேன் தூக்குகிறவர் கடைப்பிடிக்கலாம். அவர் கையில் நேரமும் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் வசதியும் இருக்கிறது. லாரி காத்திருக்க, மேஸ்திரி கத்த, 400 மூட்டை ஏற்றவேண்டிய ஆளிடம் போய் "முட்டியை மடக்குங்க அண்ணே" என்றால் சிரிப்பார். அவர் முட்டி மடங்கிப் பல வருஷம் ஆச்சு.

அவருக்கு வேண்டியது அறிவுரை இல்லை, 25 கிலோ மூட்டை. அதை முடிவு செய்கிறவர்கள் ஆலை அலுவலகத்திலும் அரசு அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு பி.காம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நாளைக்கு அந்த நாற்காலிகளில்தான் உட்காரப் போகிறார்கள். மூட்டை எடை என்ற கட்டத்தில் எண்ணை நிரப்பும்போது, அதைத் தூக்கப்போகிற ஆளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் போதும்.